எட்டாம் நம்பர் வீட்டுக்குப் பூட்டில்லை

கயிறு தோளை அறுத்தது. பொன்னுத்தாயி நிற்கவில்லை.

தொட்டியிலிருந்து சரிந்த அவித்த நெல், அரிசி மில் களத்தின் நடுவே ஆவி கக்கிக்கொண்டு கிடந்தது. கிழக்கே சாம்பல் நிறத்தில் விடியத் தொடங்கியிருந்தது. புகைக்கூண்டுக்கு மேலே ஒரு காக்கை. உள்ளங்காலில் சூடு ஏறி முழங்கால் வரை வந்துவிட்டது. இழுத்தாள். திரும்பினாள். மறுபடி இழுத்தாள்.

பலகையில் கட்டிய கயிற்றை முன்னால் ஒருத்தி இழுக்க வேண்டும். பின்னால் ஒருத்தி பலகையை அழுத்திப் பிடித்து வர வேண்டும். அப்போதுதான் நெல் களத்தில் ஒரே சீராகப் பரவும். சோடி வேலை. ஒருத்தி வராவிட்டால் அடுத்தவளுக்கும் அன்றைக்கு வேலை கிடையாது.

"ஏண்டி, பின்னால போலீசா தொரத்துது? நெல்லு ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போற!" பின்னாலிருந்து கொப்பாத்தாள் கத்தினாள். பதினாறு வருஷமாக இந்தக் களத்தில் பலகை பிடிக்கிறவள். ஐந்து வருஷமாகப் பொன்னுத்தாயிக்குச் சோடி.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

"செத்தவ எந்திரிச்சா போயிரப் போறா? சிங்கம்புணரிக்கு வேற பஸ்ஸா இல்ல?"

பொன்னுத்தாயி இன்னும் வேகமாக இழுத்தாள். சிங்கம்புணரியில் யாரும் சாகவில்லை.

அந்த மில்லில் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு. துட்டிக்கு, அதாவது சாவுக்குப் போய்வர, மூன்று நாள். அதைத் தாண்டினால் சோடி உடைந்ததாகக் கணக்கு. சோடி உடைந்தவளுக்கு மில்லின் லைன் வீட்டிலும் இடமில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதற்கெல்லாம் அங்கே லீவு என்ற ஒன்று இருந்ததே இல்லை. அதனால் பொன்னுத்தாயி, பத்து வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட தன் அத்தையை நேற்றுச் சாயங்காலம் இன்னொரு தடவை சாகடித்தாள்.

முதல் தொட்டி நெல்லைப் பரப்பிக் கொடுத்த பிறகுதான் லீவு. கடைசிப் பாத்தியும் பரவியது. கயிற்றைக் கீழே போட்டாள். ஓடினாள்.

"இருடி! ஏய், ஒரு நிமிசம் இருடி!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மில்லுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த லைன் வீடுகள் பன்னிரண்டு. எட்டாம் நம்பர் கொப்பாத்தாளுடையது. கதவு எப்போதும் போல வெறுமனே சாத்தியிருந்தது. கொப்பாத்தாள் வீட்டைப் பூட்டி யாரும் பார்த்ததில்லை. 'மகன் சிங்கப்பூருல சம்பாதிக்கிறான், ஆத்தாளுக்கு ஒரு பூட்டு வாங்கித் தர முடியல' என்று களத்தில் கேலி உண்டு. 'உள்ள என்னடி இருக்கு, ரெண்டு சட்டி. தூக்கிட்டுப் போறவன் கழுவி வச்சுக்கிறட்டும்' என்பாள் கொப்பாத்தாள்.

ஒன்பதாம் நம்பர் பொன்னுத்தாயியுடையது. வெளியே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டியிருந்தாள். மகளை உள்ளே வைத்துப் பூட்டும்போது தன் கை செய்கிற காரியத்தை அவளால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பூட்டினாள்.

சிவரஞ்சனி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. காரைக்குடியில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். பதினோரு நாளாகத் தூக்கமில்லை. மில் சங்கு தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்கிறாள். நோட்டுகளில் தன் பேர் எழுதியிருந்த பக்கங்களையெல்லாம் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். தண்ணீர் முழுக்க ஊதா மை.

"ரஞ்சனி, கெளம்புத்தா."

"சங்கு ஊதிருச்சாம்மா?"

"இல்லத்தா. ஊதல."

நேற்றுக் காரைக்குடியில் டாக்டரம்மா சொன்னது காதிலேயே நின்றது. 'இது நோய்தாம்மா. பேயும் இல்ல, நீங்க வளத்த குத்தமும் இல்ல. சரியாகும். மதுரையில வார்டுல சேத்துருங்க. மூணு வாரம் ஆகும், ஒரு மாசம்கூட ஆகலாம். கூட எப்பவும் ஒரு ஆள் இருக்கணும். நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள போயிருங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க, பாதியில கூட்டிட்டு வந்துறாதீங்க.'

கூட இருக்க ஒரு ஆள். ரஞ்சனியின் அப்பா மூட்டை இறக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் ஏழு வருஷமாகிறது. வேறு யார் இருக்கிறார்கள்? துட்டிக்கு மூன்று நாள் லீவு. வார்டுக்கு மூன்று வாரம். மிச்சத்தை அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும்.

மில் வாசலுக்கு எதிரேதான் பஸ் நிற்கும். மகளைப் புளியமரத்தடியில் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். அப்போதுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர்.

திரும்பினாள். 

களமே வந்துகொண்டிருந்தது. முன்னால் கொப்பாத்தாள், கையில் மடிப்புக் கலையாத கோடிச் சேலை. பக்கத்தில் களத்தில் கூட வேலை பார்க்கிற தீபலட்சுமி, கையில் வாழையிலையில் சுற்றிய செவ்வந்தி மாலை.

தொட்டியில் நெல் கிடக்கிற நாளில் ஒருத்தியும் களத்தை விட்டு நகர மாட்டாள் என்று நம்பித்தான் பொன்னுத்தாயி அந்தப் பொய்யைச் சொன்னாள். களத்தில் ஒருத்திக்குத் துட்டி என்றால் மாலையும் கோடியும் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள் என்பதை மறந்துவிட்டாள். தன் புருஷன் போன அன்றைக்குக் கோடியோடு முதலில் வந்து நின்றதே இந்தக் கொப்பாத்தாள்தான் என்பதையும் மறந்துவிட்டாள்.

"துட்டிக்கு யாராவது ஒத்தையாப் போவாகளாடி?" கொப்பாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. "நானும் தீபாவும் வாரோம். நீ இல்லாம எனக்கு மட்டும் இங்க என்ன வேலை? இவளுக வழியனுப்ப வந்திருக்காளுக."

"அக்கா… வேணாங்கா. நீங்க போங்க."

"அட, ரஞ்சனியையும் கூட்டிட்டுப் போறியா? பிள்ளை ஏன் இப்புடி வத்திக் கெடக்கு?"

ரஞ்சனி எழுந்து நின்றாள். அவள் கண் மாலையின் மேல் இருந்தது. பிறகு சேலைக்குப் போனது. பிறகு ஒவ்வொரு முகமாக.

"அம்மா, இந்த மாலை எனக்கா?"

கொப்பாத்தாள் பொன்னுத்தாயியைப் பார்த்தாள்.

"நான் செத்துட்டேனாம்மா? அதான் எல்லாரும் வந்திருக்காகளா?" மணி என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டாள். "எங்கிட்ட ஏம்மா நீ சொல்லல?"

பொன்னுத்தாயி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.   "யாரும் சாகலக்கா… சிங்கம்புணரியில யாருமே சாகல. எம் பிள்ளைக்கு மனசுல சொகமில்ல. மதுரையில வார்டுல சேக்கப் போறேன். சொன்னா பைத்தியம்னு பேரு வச்சிருவாகளேன்னு… என்னைய மன்னிச்சிருங்க."

தீபலட்சுமி மாலையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கொப்பாத்தாள் திட்டுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளோ சேலையைத் தீபாவிடம் தள்ளிவிட்டு, ரஞ்சனியின் எதிரே போய் நின்றாள். தொடவில்லை. தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினாள். பலகை பிடித்துக் காய்ப்பேறிய கை. இன்னும் சிவந்திருந்தது.

"ரஞ்சனி, பெரியம்மா கையைத் தொட்டுப் பாரு. அவசரமில்ல. ஒனக்குத் தோணுறப்பத் தொடு."

ரொம்ப நேரம் கழித்து ஒரு விரல் நீண்டது.

"சுடுதா?"

"சுடுது பெரியம்மா."

"சுடுறது தெரிஞ்சா உசுரு இருக்குன்னு அர்த்தம். ஒனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. மாலை வேற ஆளுக்கு வாங்குனது. தப்பான எடத்துக்கு வந்துருச்சு. அம்புட்டுத்தான்."

ரஞ்சனி மெல்ல உட்கார்ந்தாள். இந்தப் பேச்சை இவள் எங்கே கற்றாள் என்று பொன்னுத்தாயிக்கு ஒரு கணம் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. கார் ஒன்று வாசலில் வந்து நின்றது.

இறங்கியவர் கோபிநாத். சின்ன முதலாளி. இரண்டு வருஷமாக மில் அவர் கையில்.

"என்ன இங்க மாநாடா? ரெண்டாந் தொட்டியத் தொறந்து நெல்லு மலையாக் குமிஞ்சு கெடக்கு. களத்துல ஈ காக்கா இல்ல!"

பொன்னுத்தாயி எழுந்து, இனிமேல் மறைக்க எதுவும் இல்லாதவளாக எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று வாரம் என்றாள். ஒரு மாசம்கூட ஆகலாம் என்றாள்.

கோபிநாத் ரஞ்சனியைப் பார்த்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"பாவம்தான். இல்லைங்கல. ஆனா பாவம் பாத்து மில்லு ஓட்ட முடியாதும்மா. மூணு வாரம்னா சோடி ஒடைஞ்சுது. வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போ, நாளைக்கு வேற ஆள் வருது. திரும்பி வந்தாலும் இந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு லைன் வீட்டுல எப்படி? மத்தக் குடும்பங்க இருக்கில்ல?"

"அந்த மத்தக் குடும்பம் நாங்கதான்," என்றாள் கொப்பாத்தாள். "எங்களைக் கேட்டீகளா?"

"நீ பேசாத. சோடி போனா நீயும் வெளியதான். ஒன் வீட்டுச் சாவியையும் வை."

கொப்பாத்தாளின் முகம் வெளுத்தது. எதற்கும் அசையாதவள், பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

"எட்டாம் நம்பருக்குச் சாவி கெடையாது மொதலாளி. பூட்டே கெடையாது."

தீபலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. கொப்பாத்தாளின் கண்ணைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

கொப்பாத்தாள் கோடிச் சேலையை வாங்கினாள். மடிப்பைப் பிரித்து மில் வாசலில் விரித்தாள். சாவுக்கு வாங்கிய சேலையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பொன்னு எடத்துல நாங்க ஆள் மாத்தி ஆள் கயிறு இழுக்கிறோம். ஒரு பாத்தி கொறையாது. அவ திரும்பி வார வரைக்கும் அவ எடம் அவளுக்கு, அவ வீடு அவளுக்கு. நாளைக்கு இவளுக வீட்டுப் பிள்ளைக்கு முடியலைன்னாலும் இதே பேச்சுத்தான். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நெல்லு பத்து நிமிசத்துல பரவும்."

"மெரட்டுறியா?"

"நான் எங்க மெரட்டுறேன்? நெல்லுதான் மெரட்டுது. மோந்து பாருங்க."

காற்று மில் பக்கமிருந்து வந்தது. குமித்துப் போட்ட அவித்த நெல் தன் சூட்டிலேயே புழுங்கத் தொடங்கும் லேசான புளித்த வாடை. அரை மணி தாண்டினால் அரிசி மஞ்சளாகப் பழுத்துக் கெட்டுவிடும். அது அவருக்கும் தெரியும்.

தீபலட்சுமி போய்ச் சேலையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒருத்தி. அப்புறம் மூன்று பேர். சேலை போதாமல் மிச்சப் பேர் புழுதியில் உட்கார்ந்தார்கள். கொதிகலன் பார்க்கும் சோணை வேட்டியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தான். முதலாளியைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான். "மூணாந் தொட்டிக்கு நீராவி விடலண்ணே," என்று சொல்லிவிட்டுக் கடைசி ஆளாக உட்கார்ந்தான்.

"எங்கப்பாகிட்டப் பேசிட்டுச் சொல்றேன்." கோபிநாத் செல்போனைக் காதில் வைத்தபடி உள்ளே போனார். அவர் முகத்தில் ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

ரோட்டின் வளைவில் பஸ் தெரிந்தது.

கொப்பாத்தாள்தான் முதலில் எழுந்து பையைத் தூக்கினாள். ரஞ்சனி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பொன்னுத்தாயி ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றாள்.

"வெள்ளிக்கிழமை தீபா வருவா. அவ பிள்ளை பக்கத்துல இருக்கட்டும், நீ அன்னைக்கு ஒரு பொழுதாச்சும் தூங்கு. ஞாயித்துக்கெழம நான் வாரேன். வாரம் ஒருத்தி ரெண்டு பேரு வந்துக்கிட்டே இருப்போம். ஒத்தைன்னு நெனைக்காத."

"எனக்காக ஒங்க வீடும் போகப் போகுதேக்கா. மகன் சிங்கப்பூருலேர்ந்து வந்தா எங்க வந்து நிப்பாரு? வேணாங்கா. எல்லாரும் எந்திரிச்சுக் களத்துக்குப் போங்க. பிள்ளை கொஞ்சம் தெளிஞ்சதும் நான் பத்து நாள்ல கூட்டியாந்துர்றேன்…"

கொப்பாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி.

"பத்து நாளா? டாக்டரு போகலாம்னு சொல்ற வரைக்கும் நீ வரக் கூடாது. கேட்டுச்சா? இந்த மில்லே இடிஞ்சு விழுந்துச்சுன்னு சேதி வந்தாலும் வரக் கூடாது."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் அசைந்தது. கையை விடாமல் கொப்பாத்தாள் கூடவே நடந்தாள். ஜன்னலில் சாய்ந்திருந்த பிள்ளைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"எம் மகன் முத்தரசு சிங்கப்பூருக்குப் போகலடி. அவனும் வார்டுலதான் இருந்தான். கொஞ்சங் கொஞ்சமாத் தெளிஞ்சுக்கிட்டேதான் வந்தான். பெரிய மொதலாளி எட்டு நாளு பொறுத்துக்கிட்டாரு. ஒம்பதாம் நாளு, சோடி ஒடைஞ்சிரும்னு மில்லுலேர்ந்து ஆள் வந்துச்சு. நானே கையெழுத்துப் போட்டுக் கூட்டியாந்துட்டேன். மறுநா ரெண்டு தொட்டி நெல்லு. அவனை உள்ள வச்சுப் பூட்டிட்டுக் களத்துக்கு வந்தேன். சாயங்காலம் போனா, கூரை ஓட்டைப் பிரிச்சுக்கிட்டுப் போயிருந்தான். பதினோரு வருசமாச்சு. என்னைக்காவது வந்தான்னா, கதவு பூட்டியிருக்கக் கூடாதுல்ல?"