எல்லைக் கருப்பின் பூண்டுக்கொத்து

அடிபட்டவனிடம் வலிக்கிறதா என்று கேட்க இந்தக் காலத்தில் நாதியில்லை. எங்கே வைத்து அடித்தார்கள் என்று கேட்கத்தான் ஆளுக்கு ஆள் வருகிறார்கள். திண்டுக்கல் மனித உரிமை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பழனிமுத்து இப்படித்தான் முணுமுணுத்தார். அவருடைய வக்கீல் ஷர்மிளா கையைக் காட்டி அடக்கினாள்.

திண்டுக்கல் மாவட்டத்து மேல்மலையிலிருந்து தேனிப் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிப்போனவரை வனக்காவலர்கள் வழிமறித்தார்கள். மாமூல் தரமாட்டேன் என்றார். பூண்டைப் பிடுங்கிக்கொண்டு, பொழுது சாயும்வரை ஜீப்பில் கட்டிவைத்து அடித்தார்கள். சுண்டுவிரல் முறிந்தது.

"வண்டியை மறித்தது எல்லைக் கல்லுக்குக் கீழே, தேனி மாவட்டத்தில். இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை" என்றார் எதிர்வக்கீல். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டால் இரண்டு வருஷ அலைச்சலும் பாழ். தேனியில் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஷர்மிளா பறிமுதல் ரசீதை மறுபடி புரட்டினாள். "பூண்டு அஞ்சு மூட்டை, மஞ்சத்துணியில கட்டின கொத்து ஒண்ணு... இது என்னங்கய்யா?"

"கருப்புக்குள்ளது தாயி. சாமி சொத்தக்கூட விடல, களவாணிப் பயலுக."

"கருப்பு எங்க இருக்காரு?"

"எல்லைக் கல்லடியிலதான். வேறெங்க இருப்பாரு?"

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கூண்டில் நின்ற வனக்காவலர் கோகுல்ராஜிடம் ரசீதை நீட்டினாள். அவனும் மேல்மலைக்காரன்தான்.

"இது நீங்க எழுதினதுதானே? வண்டிய மறிச்சப்ப இந்தக் கொத்து வண்டியில இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"கருப்புக்கு வைக்கிற கொத்தாமே. இப்பல்லாம் யாரு சாமிக்கு வைக்கிறா? கிழவர் மறந்துட்டு எல்லையத் தாண்டியிருப்பாரு."

கோகுல்ராஜுக்குச் சுருக்கென்றது. "மறக்கிறதாவது! கருப்புக்குக் கொத்து வைக்காம எங்க மலை வண்டி ஒண்ணுகூட எல்லையத் தாண்டாதுங்க!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எதிர்வக்கீல் தலையில் கைவைத்தார். அறை முழுக்கச் சிரிப்பு. கொத்து வண்டியிலேயே இருந்ததென்றால் வண்டி இன்னும் எல்லையைத் தொடவில்லை. சம்பவம் திண்டுக்கல் மண்ணில்தான் நடந்திருக்கிறது. வழக்கை இங்கேயே விசாரிக்கலாம் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

வாசலில் ஷர்மிளாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஐயா, ஜெயிச்சிட்டோம்!"

"என்னத்த ஜெயிச்சம் தாயி? எங்க வச்சு அடிச்சான்னுதான் முடிவாயிருக்கு. அடிச்சது தப்புன்னு எவன் சொன்னான்?"

"அதுக்குத்தான் அடுத்த வாய்தா இருக்கே!"

"வாய்தாவுக்கு என்ன, அது பாட்டுக்கு வரும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார் பழனிமுத்து.