மினோபேவிடம் யாரும் சொல்லவில்லை

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம்.

'துறைமுகப் பிரிவு' என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடருக்குப் பதினொரு வருடம் வசனம் எழுதியவன் நான். தொடருக்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள். அதன் இரண்டு துப்பறிவாளர்களாக நடித்தவர்களின் நட்பைப் பற்றி நாலு பக்கம் வேண்டும் என்றார்கள். கேட்டவர் இருவரில் இளையவரான ஹதோகயா. "படிக்கிறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும் வாத்தியாரே," என்றார். (ஜப்பானில் மற்றவர்கள் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்ப்பார்கள், வசனம் எழுதுகிறவனை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் யாருக்கும் எந்தப் பாடமும் நடத்தியதில்லை.)

உருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சத்தியமாக.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது. ஒரே குடையின் கீழ் இரண்டு துப்பறிவாளர்கள்...'

வேண்டாம். அந்த மழை படப்பிடிப்புக்கு லாரியில் வந்த தண்ணீர்.

இரண்டாவது தொடக்கம், இருவரில் மூத்தவரைப் பற்றி: 'மினோபே நல்ல மனிதர்.' இது உண்மை. ஆனால் இதை வைத்து ஒரு பத்தி கூட நகராது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வருடம், கல்யாணமான ஒரு நடிகையோடு ஹதோகயா விடுதியிலிருந்து வெளியே வரும் படம் வாரப்பத்திரிகையில் வந்தது. விளம்பரதாரர்கள் குதித்தார்கள். அவனைத் தூக்கிவிடுவது என்று முடிவான கூட்டத்துக்கு, யாரும் கூப்பிடாமலே மினோபே வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அவன் போனா நானும் போறேன். ரெண்டு பேர் கதையை எழுதிட்டு ஒருத்தனை வெச்சு ஓட்டுவீங்களா?"

அவ்வளவுதான். ஹதோகயா பிழைத்தான். (கவனித்தீர்களா, 'அவன்' என்றாகிவிட்டது. கதைக்குள் வந்துவிட்டவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? இனி அவன்தான்.)

3

எட்டு வருடம் கழித்து தயாரிப்பாளர் சகுமா அம்மாள் ஹதோகயாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மினோபே-சானை ஏழாவது வாரத்தோட முடிச்சிக்கிறோம். குண்டடி படுது, ஆஸ்பத்திரி, அவ்ளோதான். உங்களுக்கு ஜோடியா சின்னப் பொண்ணு ஒண்ணு வருது. இனிமே நீங்கதான் மூத்தவர்."

மினோபே சொன்ன அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல இதுதான் நேரம் என்று ஹதோகயாவுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தான்.

"அவர்கிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான். நாங்க சொன்னா அது ஆபீஸ் பேச்சு. நீங்க சொன்னா அது நட்பு." *

* இந்த வசனம் என்னுடையது. சகுமா முதலில் என்னைத்தான் சொல்லச் சொன்னார். இந்த வரியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் நைசாகக் கழன்றுகொண்டேன்.

4

எனக்கு ஹதோகயா மேல் சந்தேகம். கெட்டவன் இல்லை, பிறகு ஏன் சொல்லவில்லை? முதல் வரைவில் அவனுக்கு நோயாளி அம்மா ஒருத்தியைக் கொடுத்து, வேலையை விட முடியாத நிலை என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் அம்மா நன்றாக இருக்கிறாள், வாரம் இரண்டு நாள் நீச்சல் போகிறாள்.

காரணம் இதுதான்: தொடரின் தொடக்கத்தில் பெயர்கள் வரும்போது முதல் பெயர் மினோபேவுடையது. பதினொரு வருடம் இரண்டாவது பெயராகவே இருந்தவனுக்கு முதலிடத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. தன் ஆசையை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

மினோபேவுக்குச் சந்தேகமே வரவில்லை. என் பக்கங்கள் எப்போதும் படப்பிடிப்பு அன்று காலையில்தான் சூடாக வந்து சேரும். எட்டாவது வாரத்துக்கான தாள் வரவில்லை என்றால், வாத்தியார் வழக்கம்போல இழுத்தடிக்கிறார் என்றுதான் நினைத்தார். ஏழாவது வாரம் குண்டடி என்பது மட்டும் அவருக்குத் தெரியும்; பட்டவன் பிழைத்துத் திரும்புவான் என்று நம்பி, ஒரு கைத்தடி வாங்கிவிட்டார். எந்தக் காலில் குண்டு என்று என்னிடம் கேட்டார்.

இடது கால் என்றேன். வேறென்ன சொல்வது?

மதிய இடைவேளையில் ஒப்பனை அறைத் தாழ்வாரத்தில் நொண்டி நடந்து காட்டினார்.

"எப்படிடா? எலும்பு டாக்டர் ஆஸ்பத்திரி வாசல்ல மூணு நாள் உக்காந்து ஒவ்வொருத்தனா பாத்தேன். திரும்புறப்பதான் வலிக்குமாம். பாரு, திரும்புறேன்."

ஹதோகயா தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான். "மினோபே-சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்ல..."

"சொல்லுடா."

"உங்க மீன் ஆறிப்போச்சு."

"அட, மீன் கிடக்குது! நடை எப்படி, அதைச் சொல்லு."

இந்த இடத்தில் அவன் சொல்லிவிடுவதாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். 'ஹதோகயா நிமிர்ந்து அவர் கண்களைப்' என்பதோடு பேனா நின்றுவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

5

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருவருடைய வேலை முழுதாக முடிகிற அன்று, உதவி இயக்குநர் அவர் பெயரைக் கூவுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். பூங்கொத்து வரும். அதை மிக நெருங்கிய சக நடிகர்தான் கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக் காட்சி முடிந்தது. மினோபே கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினார். அந்த வாரம் கொலைகாரனாக வந்த நடிகருக்கும் அன்றுதான் கடைசி நாள். எதிரே ஹதோகயா பெரிய பூங்கொத்தோடு வருவதைப் பார்த்ததும் மினோபேவுக்கு ஒரே உற்சாகம். கொலைகாரனின் முதுகில் கைவைத்து, "முன்னாடி வாங்க, வெக்கப்படாதீங்க," என்று தள்ளிவிட்டு, முதல் ஆளாகக் கைதட்டத் தொடங்கினார்.

"துப்பறிவாளர் சகாகியாக நடித்த மினோபே-சான், இத்துடன் அனைத்துக் காட்சிகளும் நிறைவு!"

தன் பெயர் காதில் விழுந்த பிறகும் அவர் கைகள் இரண்டு மூன்று முறை தட்டின.

அவரிடம் சொல்லியாகிவிட்டது என்றுதான், ஹதோகயாவையும் என்னையும் தவிர, தளத்தில் இருந்த அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். மினோபே பூவை வாங்கிக்கொண்டார். நன்றியுரையும் சொன்னார். விளக்குக்காரர், உடைக்காரர், தேநீர் கொண்டுவருகிற பெண் என்று ஒருவர் பெயரையும் விடவில்லை. கடைசியில் ஹதோகயாவின் தோளைத் தொட்டு, "இவனைக் கொஞ்சம் பாத்துக்கங்க," என்று எல்லோர் முன்னாலும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

6

முடிவுகள்.

அ) பூங்கொத்தை அவன் முகத்தில் வீசுகிறார். (மினோபே அப்படிப்பட்டவர் இல்லை.)

ஆ) ஹதோகயா கோட்டைக் கழற்றி எறிந்து, "அவர் போனா நானும் போறேன்!" என்று கத்துகிறான். எழுதிப் பார்த்தேன். அபாரமாக வந்தது, எனக்கே அழுகை வந்தது. உச்சி முதல் பாதம்வரை பொய்.

இ) ஒப்பனை அறை. கதவு பாதி திறந்திருந்தது, நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன்.

"எப்பத் தெரியும்?"

"மூணு வாரமா."

"அப்ப, நான் நொண்டி நடந்தப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

மினோபே பூங்கொத்தை மேசைமேல் வைத்தார்.

"நல்லா நடந்தேனா?"

"நல்லா நடந்தீங்க மினோபே-சான்."

"போ. லைட்டு போட்டுட்டாங்க, கூப்பிடுவாங்க."

அவன் போனான். அடுத்த வாரத்திலிருந்து முதல் பெயர் அவனுடையது.

7

இதோடு முடித்திருக்கலாம். பழி முழுவதும் ஹதோகயா தலையில் விழுந்திருக்கும், நான் கையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

மினோபே இப்போது சீபா என்ற ஊரில் இருக்கிறார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எனக்கு வாழ்த்து அட்டை போடுகிறார். முதல் அட்டையில் இப்படி எழுதியிருந்தார்: 'வாத்தியாரே, உங்களுக்கும் கடைசி நேரத்தில்தான் சொல்லியிருப்பார்கள். தெரிந்திருந்தால் என்னிடம் மறைத்திருப்பீர்களா? மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.'

மூன்று வருடமாக நான் எழுதுகிற பதில்: 'அன்புக்கு நன்றி.' சீபாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கேட்டபடி உருக்கமான நாலு பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன். இதுவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் அச்சுக்கு அனுப்ப முடியும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், மலரின் பிரதி அவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரும் படித்துக்கொண்டிருப்பார். அவனாவது பூவைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்து நின்றான். நான் அதற்கும் துப்பில்லாமல் தபாலில் சொல்கிறேன்.

முடிவு என்னிடம் இல்லை. அதை எழுத வேண்டியவர் சீபாவில் இருக்கிறார்.

மினோபே-சான், அவனுக்கு மூன்று வாரமாகத் தெரியும். எனக்கு ஐந்து வாரமாகத் தெரியும்.