விலாவுக்குக் கீழே

என் மகளுக்கு இதயத்தில் ஓட்டை. அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பது போல் சொல்லப் பழகியிருந்தேன். அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கு முன் கடைசியாக ஒரு ஸ்கேன்.

ஸ்கேன் எடுத்த பெண் என் வயசுக்காரிதான். கருவியை மார்பில் வைத்ததும், இதயத்தின் நடுச்சுவரில் அந்தக் கறுப்பு இடைவெளி திரையில் தெரிந்தது. எனக்கே அடையாளம் தெரியும், எத்தனை ஸ்கேன் பார்த்தாச்சு! அப்புறம் கருவியை விலாவுக்குக் கீழே இறக்கினாள். எலி நெளிந்து நெளிந்து சிரித்தாள். வீட்டில் என் மகளுக்கு அதுதான் பெயர்.

"அங்க வச்சா அவளுக்குக் கூச்சம். எல்லாரும் அதை விட்டுடுவாங்க," என்றேன்.

"எல்லாருமா? கீழேருந்து யாருமே பார்க்கலையா?"

"நீங்களும் விட்டுடுங்களேன். பாவம், பிள்ளை."

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா," என்று ஒரு போடு போட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

எலியிடம் முழங்காலை மடக்கச் சொன்னாள். எலியின் கையையே கருவிமேல் வைத்து அமுக்கச் சொன்னாள். தன் கை தானே, கூச்சம் போய்விட்டது. திரையில் சுவர் முழுசாக இருந்தது.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார்.

"ஓட்டையே இல்லம்மா. சுவர்ல அந்த இடம் ரொம்ப மெல்லிசு. மார்புல வச்சுப் பார்த்தா ஸ்கேனோட ஒலி அலை சுவரை ஒட்டியே போயிடும், பட்டுத் திரும்பாது. அதான் ஓட்டை மாதிரி தெரிஞ்சிருக்கு. ஆபரேஷன் வேண்டாம்."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். எனக்கு ஒன்றும் வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்பது போல் சந்தோஷத்துக்காக நின்றேன். கோபமாவது வந்திருக்கலாம், அதற்கு என்னிடம் பஞ்சமே கிடையாது. அதுவும் வரவில்லை. எலியின் வயிற்றில் ஸ்கேனுக்காகத் தடவியிருந்த பசையைத் துடைத்தேன்.

"அம்மா, அப்போ நான் சாக மாட்டேனா?"

அந்த வார்த்தையை அவள் காதுபட நாங்கள் பேசியதே இல்லை.

"மாட்டே."

"அப்போ பெரியம்மா வீட்டு அக்காகிட்டேருந்து என் பென்சில் பாக்ஸைத் திருப்பி வாங்கிக்கலாமா? நீயே வச்சுக்கோன்னு குடுத்துட்டேன்."

"வாங்கிக்கலாம்டி," என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.