மூன்றாவது வரிசையின் டிக்

அக்காவின் கணவர்தான் ஆபீஸில் எனக்கு மேலாளர். இரண்டு பதவியையும் ஒரே திமிரோடு பார்ப்பவர். அவர் கோடிங்கில் நான் குறை சொன்னால், வீட்டில் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

பிள்ளைகளின் நீச்சல் முகாமுக்கு எங்கள் ஆபீஸ் செய்து கொடுத்த இணையப் படிவம் அவர் கைவண்ணம். பிள்ளைக்கு ஒரு வரிசை. வரிசையில் பெயர், பக்கத்தில் 'முட்டை ஆகாது' என்று ஒரு டிக் கட்டம். டிக் அடிக்காத கட்டத்தை பிரௌசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. மூன்று பிள்ளைகள் என்றால், மூன்று பெயரும் ஓர் அரேயில், அதாவது ஒரு பட்டியலில் போகும்; ஒரே ஒரு டிக் இன்னொரு அரேயில் போகும். இவர் கோடிங் அந்த டிக்கை முதல் பெயரோடு ஒட்டிவிடும். அது மூன்றாவது பிள்ளையுடையது என்று அதற்கு எப்படித் தெரியும்?

"கட்டத்துக்கு வரிசை நம்பர் குடுங்க மாமா. இல்லன்னா டிக் ஆள் மாறிடும்" என்று போன வாரமே சொன்னேன்.

"நான் டெஸ்ட் பண்ணியாச்சு. நீ உன் வேலையப் பாரு."

அவர் டெஸ்ட் செய்த லட்சணம் எனக்குத் தெரியும். எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துப் பார்த்திருப்பார். அப்படிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வரும்.

இன்று காலை முகாம் தொடங்கியது. பதிவுகளைப் புரட்டினேன். அக்கா தன் மூன்று பிள்ளைகளுக்கும் நிரப்பியதும் இருந்தது. பெரியவளுக்கு முட்டை ஆகாதாம், மூன்றாவதான சின்னவனுக்கு ஒன்றுமில்லையாம். உண்மையில் சின்னவனுக்குத்தான் முட்டை ஒரு வாய் உள்ளே போனாலே தொண்டை வீங்கிவிடும். திரையை அப்படியே அவர் பக்கம் திருப்பினேன்.

"உங்கக்கா மாத்தி அடிச்சிருப்பா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தப் பிள்ளைக்கு ஆகாதுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? உங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

அவர் உடனே முகாமுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் பயிற்சியாளர் அம்மாள் சிடுசிடுத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க பெரிய பொண்ணுக்கு முட்டை ஆகாதுன்னு கேக் குடுக்கல. அந்தக் கோவத்துல தம்பி வாய்க்குக் கொண்டுபோன கேக்கைப் பிடுங்கித் தூக்கிப் போட்டுட்டா. கேட்டா, அவனுக்குத்தான் ஆகாதுன்னு வாய்க்கு வாய் பேசறா. வெயில்ல நிக்க வெச்சிருக்கேன்."

போனைப் பிடுங்கினேன். "பட்டியலே தப்பு. யாருக்கும் கேக் குடுக்காதீங்க. குடுத்ததையும் வாங்கி வைங்க."

மாமா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "அந்த வரிசை நம்பரைப் போட்டுடு" என்றார்.

"நீங்களே போடுங்க. அதுக்கு முன்னாடி, உண்மையச் சொன்ன பிள்ளைய வெயில்லேர்ந்து உள்ள கூப்பிடச் சொல்லுங்க."