தட்டாமல் திறந்த கதவு

கத்தரீன் ஒரு பகல்பொழுதுக்கு ஓட்டல் அறை எடுத்தது புருஷனைத் திட்டுவதற்காக. இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

கிரகரி சயாமுக்கு ரயில்பாதை போடப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான் என்றுதான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். அவனாகத்தான் பெயர் கொடுத்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று எவனோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் போனவன். லாரி நகரும்போது, "கோவிச்சுக்காத" என்றான். அவ்வளவுதான்.

அந்தக் கோபத்தை லயத்தில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வீட்டுக்கு வீடு இருந்த பலகைத் தடுப்பு கூரையைத் தொடாது. இவள் இருமினால் அடுத்த வீட்டுச் செல்லம் அங்கிருந்தே கஷாயம் வேண்டுமா என்பாள். அழுதால் செய்தி வந்துவிட்டதா என்று ஓடி வருவார்கள். திட்டினால், உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாதவனைத் திட்டுகிறாளே என்பார்கள். அவர்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்புக்குக் கதவு இல்லை என்பதுதான் அவள் கஷ்டம்.

பக்கத்து ஊரான தானா ராத்தாவில், முன்பு வெள்ளைக்காரத் துரைமார் குடும்பத்தோடு வந்து தங்கிய ஓட்டல் ஒன்று இருந்தது. முதலாளி ஓடிப்போனபின் அதைப் பார்த்துக்கொண்டவர், பல வருஷம் அங்கே பரிமாறிய அகஸ்டின். ஜப்பான் நோட்டை அவர் தொடமாட்டார் என்பதால் கத்தரீன் முட்டையிடும் கோழியைக் கொடுத்தாள். அங்கே வந்து தங்கும் ஜப்பான் ஆபீசர்கள் உத்தரவால் உள்தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். "பரவால்லண்ணே, கதவு சாத்துனா போதும்" என்றாள்.

கிரகரியின் சட்டையையும் காற்சட்டையையும் கட்டிலில் விரித்து வைத்தாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். நீ யாரைக் கேட்டுப் போனாய் என்று தொடங்கி, கல்யாணத்தன்று வாங்கிய செருப்பு கடித்தது வரைக்கும் போனாள். குரல் உயர்ந்தது. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது.

அப்போது கதவு திறந்தது. அகஸ்டின் சுடுதண்ணீர்க் கூஜாவோடு நின்றார். அவர் பார்வை கட்டிலில் கிடந்த ஆண்பிள்ளை உடுப்பில் போய் விழுந்தது. கூஜாவை வைத்துவிட்டுப் போனார்.

அவள் நடந்து வீடு சேர்வதற்குள் அவள் ஓட்டல் அறையில் ஆம்பிளையோடு இருந்தாள் என்ற செய்தி காய்கறி லாரியில் சேர்ந்துவிட்டது. கங்காணி கருப்பையா வாசலில் காத்திருந்தார். பிள்ளைக் கொட்டகையில் ஊரார் குழந்தைகளைப் பார்க்கிற பொம்பளை இப்படி இருக்கலாமா என்று தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணி கேட்கிறாராம். திங்கட்கிழமைப் பெரட்டில், காலையில் வேலைக்கு முன் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, யார் அந்த ஆள் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் தேயிலையைப் பிடுங்கிய சரிவில் மரவள்ளி நட மண் கொத்தப் போக வேண்டும். கொட்டகை வேலைக்கு ஒரு வேளை அரிசிக் கஞ்சி உண்டு. கொத்து வேலைக்கு மரவள்ளிதான்.

"நான் சொல்லல புள்ள, ஊரு சொல்லுது" என்றார். அவர்தான் சொன்னார்.

அது கிரகரி சட்டை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் உடுப்பை விரித்து வைப்பது செத்தவனுக்குப் படைக்கிற வழக்கம். பெண்டாட்டியே படைத்துவிட்டாள் என்றால், லயம் அன்றைக்கே அவனைப் புதைத்துவிடும். அழுதபடி வந்து அவள் வளையலைப் பார்ப்பார்கள். படைக்கவில்லை, திட்டினேன் என்றால் பைத்தியம். கெட்டவள், விதவை, பைத்தியம். எப்படிப் புரட்டினாலும் இதில் ஒன்று. தான் என்ன செய்தோம் என்று இரவெல்லாம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, தப்புச் செய்தது தான் இல்லை, கதவைத் திறந்தவர்தானே என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டலுக்குப் போனாள்.

அகஸ்டின் ஒன்றையும் மறுக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லாதது உத்தரவு என்றார். பேச்சுச் சத்தம் கேட்டது, யாரோ என்னவோ, நாளைக்கு ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பித்தாய்க்காரன் வந்தால் தன் தலைதானே போகும் என்றார். கோழியைத் திருப்பித் தரலாம், ஆனால் ஒரு ஆபீசர் சாப்பிட்டுவிட்டார் என்றார்.

"ஆம்பிளை யாரையாச்சும் பாத்தீங்களாண்ணே?"

"பாக்கல. சட்டையத்தான் பாத்தேன்."

"அத மட்டும் லயத்துல வந்து சொல்லுங்க. தட்டாம தொறந்தேன், ஆளு யாரும் இல்லைன்னு."

அவர் குரலைத் தாழ்த்தி, "யார் சட்டைம்மா அது? அத எங்கிட்ட சொல்லிடு, நானே வந்து பேசறேன்லா" என்றார்.

அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. திறந்த கதவு போதவில்லை. இன்னும் உள்ளே வர வேண்டும் இவருக்கு.

"துரைமார் இருந்தப்ப தாழ்ப்பா இல்லாத ரூமு இருந்துச்சா?"

"குளிக்கிற ரூமு. அதுக்கென்ன?"

"தட்டாம போயிருக்கீங்களா?"

தட்டிவிட்டு எத்தனை நேரம் நிற்க வேண்டும், எந்தக் குரலில் கேட்க வேண்டும் என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தப் பெருமை இன்னும் அவர் வெள்ளைக் கோட்டில் இருந்தது. உத்தரவு தாழ்ப்பாளைத்தான் கழற்றியது. தட்டாமல் திறந்தது இவர் கை. லயத்துக்காரிதானே என்று நினைத்த கை.

அவள் அவரைத் தாண்டிப்போய் அதே அறைக்குள் நுழைந்தாள்.

"இப்பத் தட்டுங்கண்ணே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

போய்விட்டார் என்றே நினைத்தாள். பிறகு இரண்டு தட்டு, விரல் முட்டியால், அளவாக.

"உள்ள வரலாங்களா?"

துரைசானிகளிடம் பேசிய குரல். இதற்காகவா அழுகை வர வேண்டும் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"வேணாம்" என்றாள்.

அவர் வரவில்லை. லயத்துக்கும் வரவில்லை.

திங்கட்கிழமைப் பெரட்டில் பனிக்குள் எல்லோரும் நின்றார்கள். செல்லம் அவள் முழங்கையைத் தொட்டு, எதையாவது சொல்லித் தொலையேன் என்று கெஞ்சினாள். கருப்பையா தொண்டையைச் செருமினார். அவர் கேட்பதற்குள் கத்தரீன் வரிசையை விட்டு வெளியே வந்து, சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டிகளில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.