கடைசி வரிசை

சபீனா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது முரளி ஒரு சின்ன போனைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான்.

"எங்க அக்காவோட பழைய போன். சும்மா நம்ம ஆப்பைப் போட்டுப் பாத்தேன். ஒன்பது பட்டன்தான் தெரியுது. பன்னெண்டு இருக்கணும்ல?"

ஹப்சிகுடாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நாலு பேர் வேலை செய்யும் கம்பெனி அது. நோயால் பேச்சுப் போனவர்களுக்காக ஒரு ஆப் செய்திருந்தார்கள். திரையில் மூன்று மூன்றாக நாலு வரிசை பட்டன்கள். எதைத் தொட்டாலும் போன் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும். அந்தத் திரை முழுக்க சபீனா எழுதியது. கடையநல்லூரிலிருந்து வேலைக்கென்று இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தபின் அவள் மனசு வைத்துச் செய்த வேலை அது ஒன்றுதான்.

போனை வாங்கிப் பார்த்தாள். மூன்று வரிசைதான் இருந்தது. நாலாவது திரைக்குக் கீழே போய் மறைந்திருந்தது. விரலால் மேலே தள்ளினாள். நகரவில்லை. நகராது என்று அவளுக்கே தெரியும். கை நடுங்குகிறவர்கள் தொட்டால் திரை வழுக்கிக்கொண்டு போகிறது என்று அவள்தான் அதை அசையாமல் கட்டிவைத்திருந்தாள். போன வாரம் பட்டன்களைப் பெரிதாக்கி எல்லாருக்கும் அனுப்பியதும் அவள்தான். தன் போனில் பார்த்தாள், முரளியின் போனில் பார்த்தாள். இரண்டும் பெரிய போன்கள். நன்றாகத்தான் இருந்தது.

மறைந்துபோன வரிசையில் இருந்தவை மூன்று: வலி. மூச்சு முட்டுது. ஆளைக் கூப்பிடு. கட்டைவிரலுக்குக் கிட்ட இருக்கட்டும் என்று யோசித்து யோசித்துத்தான் அவற்றைக் கீழே வைத்திருந்தாள்.

"யாரு இப்பல்லாம் இவ்வளவு சின்ன போன் வச்சிருக்கப் போறாங்க?" என்றான் முரளி.

சபீனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சுமலதாக்கா போனில் பேசியது நினைவுக்கு வந்தது. "பெரிய போன் ரிப்பேருக்குப் போயிருக்கு சபீனா. என் பழைய சின்ன போன்லயே உங்க ஆப்பைப் போட்டு அவருக்கு மாட்டிட்டேன். ஒண்ணும் தொந்தரவில்ல."

சுமலதாவின் கணவர் ரகுநாதன் ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறார். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர். நரம்பு நோய் அவர் கைகால்களையும் குரலையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. மிச்சம் வலது கட்டைவிரல். நாற்காலியின் கைப்பிடியில் போனைப் பொருத்தி, அந்த விரலால்தான் அவர் பேசுகிறார். மதியம் நர்ஸ் போனபிறகு மனைவி வரும்வரை தனியாக இருப்பார். "ஆளைக் கூப்பிடு" என்று தொட்டால் பக்கத்து வீட்டு நாகம்மாவின் போன் அடிக்கும். அந்த நம்பிக்கையில்தான் சுமலதா வேலைக்குப் போகிறாள்.

சபீனா அவளுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. சுமலதாவுக்கு வேலை காஞ்சன்பாக்கில், ஒரு பாதுகாப்புத் துறை ஆபீஸில். அங்கே போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். நாகம்மாவின் நம்பர் இவளிடம் இல்லை.

"பழைய மாதிரியே திருப்பி அனுப்பு, முரளி. இப்பவே."

"அனுப்புறேன். ஆனா போய்ச் சேர நேரமாகும். அந்த போன் எப்ப வாங்கிக்குமோ."

அவன் சொல்லி முடிக்குமுன் அவள் படியிறங்கிவிட்டாள்.

ஆட்டோ நாச்சாரத்தைத் தாண்டியது. ஒன்றும் இருக்காது, இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். உடனே அந்தக் கட்டைவிரல் கண்முன் வந்தது. பட்டன் இருந்த இடத்தில் அது தடவித் தடவித் தேடுவது போல. மல்லாப்பூரில் ஒரு லாரி குறுக்கே நின்றது. இறங்கி ஓடலாமா என்று பார்த்தாள்.

"கைக்கு இத்னா பரேஷான், அம்மா?" ஏன் இவ்வளவு பதற்றம் என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்து உருதுவில் கேட்டார்.

"வீட்ல ஒருத்தருக்கு முடியல," என்றாள். அவருக்குத் தமிழ் புரியாது என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தே அவர் வண்டியைச் சந்துக்குள் திருப்பினார்.

ரகுநாதன் வீடு இரண்டாவது மாடி. முதல் மாடி திரும்பும்போதே அந்தக் குரல் கேட்டது. அவளே கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்த, அமைதியான பெண்குரல்.

"டீவி போடு. டீவி போடு. ஃபேன் போடு. டீவி போடு."

நாகம்மா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சபீனாவைப் பார்த்து, தமிழும் தெலுங்குமாகச் சலித்துக்கொண்டாள். "என்னமோ இன்னிக்கு சாருக்கு மூடு சரியில்ல. டீவி டீவின்னாரு, போய்ப் போட்டுட்டு வந்தேன். ஃபேன்னாரு, அதையும் போட்டேன். நல்லாத்தான் உக்காந்திருந்தாரு. மறுபடி டீவியாம். ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"சாவி குடுங்க," என்றாள் சபீனா.

உள்ளே டீவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ரகுநாதன் நாற்காலியில் சரிந்திருந்தார். கழுத்துப் பட்டை ஒருபக்கம் விலகி, தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் அழுந்தியிருந்தது. தொண்டையில் எச்சில் கட்டி, மூச்சு ஒரு மெல்லிய கீச்சாக மட்டும் வந்தது. உதடு கறுத்திருந்தது. கட்டைவிரல் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"டீவி போடு."

சபீனா அவர் நெற்றியில் கைவைத்துத் தலையை நிமிர்த்திப் பிடித்தாள். எச்சிலை உறிஞ்சும் மெஷினை நாகம்மா அலமாரியிலிருந்து இழுத்துவந்தாள். சுமலதா அதைச் செய்வதை சபீனா இரண்டு முறை பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். குழாயை வாய்க்குள் விடும்போது தன் கையே அவரைக் கொன்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. மெஷின் உறுமியது. எச்சில் வந்தது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு துவாகூட வரவில்லை. ஓதுகிற வார்த்தையெல்லாம் மறந்துபோயிருந்தது. பிறகு அவர் நெஞ்சு ஒருதரம் பெரிதாக ஏறி இறங்கியது. மறுபடி ஏறியது.

ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. நாகம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

"நான் வந்து பாத்துட்டு டீவியைப் போட்டுட்டுப் போனேனே. கண்ணால என்னையே பாத்தாரு. எனக்குப் புரியலையே. தண்ணின்னு ஒருதரம் கேட்டிருந்தாக்கூட கொஞ்சம் வாயில ஊத்தியிருப்பேன். அதைக்கூட அவர் கேக்கல."

சபீனா போனைப் பார்த்தாள். இருந்ததில் கடைசி வரிசை: டீவி, ஃபேன், தண்ணீர். அவர் விரலுக்கு எட்டுவது அந்த மூன்றுதான். அதில் தண்ணீரை மட்டும் அவர் தொடவே இல்லை. அந்த நிலையில் யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மூச்சுக்குத் தவித்துக்கொண்டே அவர் அதை யோசித்திருக்கிறார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுமலதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சுமலதா கேட்டுக்கொண்டே இருந்தாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"உன்னைத் திட்டணும்னுதான் தோணுது," என்றாள் கடைசியில். "ஆனா நாளைக்கு அவர் கண் முழிச்சா பேசணுமே. அவருக்கு வேற வாய் இல்ல. சரி பண்ணிக் குடு. எப்படிப் பண்ணுவியோ தெரியாது."

அந்த வாரம் முழுக்க சபீனா அந்தத் திரையைப் பிரித்துப் போட்டு எழுதினாள். இத்தனை வரிசை, இத்தனை பட்டன் என்று முன்கூட்டியே முடிவு செய்வதை விட்டாள். போன் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எழுத்து எவ்வளவு பெரிது என்று ஆப் முதலில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வலி, மூச்சு, ஆளைக் கூப்பிடு, இந்த மூன்றுக்கும் விரல் பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட வேண்டும். மிச்ச இடத்தில் எத்தனை பிடிக்கிறதோ அத்தனை. பிடிக்காதவை அடுத்த பக்கத்துக்குப் போகட்டும். டீவி காத்திருக்கலாம்.

முரளி தெரிந்தவர்களிடமெல்லாம் பழைய போன் கேட்டு வாங்கிவந்தான். நிமிர்த்தியும் படுக்கவைத்தும், எழுத்தை ஊதிப் பெரிதாக்கியும், ஒவ்வொன்றிலும் பார்த்தார்கள். ரகுநாதன் வீட்டுக்குத் திரும்பிய அன்று அவளே போய் மாட்டிவிட்டாள். அவர் வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு "ஆளைக் கூப்பிடு" என்று தொட்டார். பக்கத்து வீட்டிலிருந்து நாகம்மா ஓடிவந்தாள். மறுபடி தொட்டார். பக்கத்தில் நின்ற நாகம்மாவின் கையில் போன் அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பயம் மட்டும் சபீனாவை விட்டுப் போகவில்லை. பத்து நாள் கழித்து வாரங்கலிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவள் அப்பாவுக்குப் பேச்சில்லை, ஆப் வேண்டும். அவளிடம் இருப்பது சபீனா பெயரே கேட்டிராத ஒரு போன்.

"போட்டதும் திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் பாத்துட்டுச் சொல்றவரைக்கும் அப்பாவைத் தனியா விடாதீங்க," என்று பதில் எழுதினாள்.

போட்டோ வந்தது. பெரிதாக்கி, ஒவ்வொரு பட்டனாக விரல் வைத்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. இன்னொரு தரம் முதலிலிருந்து பார்த்தாள்.