பச்சை மை அம்பு

ஏரியின் அடியிலிருந்து குழாய் குழாயாக எடுத்து வந்த சேற்றில் பூச்சிப் புழுக்களின் தலைகளைப் பொறுக்குவதுதான் அவள் வேலை. ஒரு தலை கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இராது. குளிரில் வாழும் பூச்சியின் தலை கிடைத்தால் அந்தச் சேறு பனியுகத்தில் படிந்தது. வெயிலில் வாழும் பூச்சியினுடையது கிடைத்தால் பனி உருகிய பிறகு படிந்தது. ஆய்வகத்தில் அவளுக்கு 'ஊசிக்கண்' என்று பெயர்.

ஐந்தாம் குழாயில் ஏதோ உதைத்தது. அடியில் வெயில் பூச்சி, மேலே குளிர் பூச்சி. உருகிய பனி மறுபடி உறைந்தது என்று பேராசிரியர் கட்டுரையே எழுதி அனுப்பிவிட்டார். அவளோ படிவுகளைக் கவனித்தாள். வெள்ளம் கொண்டுவரும் மணல் முதலில் அடியில் உட்காரும். மென்சேறு அதன்மேல் படியும். இங்கே ஒவ்வொரு படிவிலும் மணல் மேலே இருந்தது. மேல்பக்கம் எது என்று காட்டக் குழாயில் வரையும் அம்பையே தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள்.

"சார், இந்தக் குழாய்ல அம்பு தலைகீழா இருக்கு."

பேராசிரியர் முகம் சுண்டியது. "நீதான் ஏதோ குளறுபடி பண்ணியிருப்ப."

"அம்பு உங்க பச்சை மை சார்."

"பேனா மேசைமேலதான் கிடக்குது. யார் வேணா எடுக்கலாம். கட்டுரையத் திருத்தணும்னா காரணம் எழுதணும். உன் பேரத்தான் எழுதுவேன். அடுத்த மாசம் உன் வேலை நீட்டிப்பு வருதுல்ல?"

பெட்டிகளை இறக்க வந்த ஓட்டுநர் வாசலில் நின்றிருந்தார். "சார், அது என் தப்பு. படகுல நாந்தான் குழாயத் தலைகீழா நீட்டினேன். நீங்க பாவம், நம்பி அம்பு போட்டீங்க."

"அப்படிச் சொல்லு!" பேராசிரியருக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்து அவள் கேட்டாள்: "ஏண்ணே பொய் சொன்னீங்க? அன்னிக்கு நீங்க படகுலயே ஏறலையே. கரையில டயர் மாத்திக்கிட்டிருந்தீங்க. அது அவருக்கும் தெரியும்."

"வண்டி ஓட்ட ஆயிரம் பேர் இருக்கான் தங்கச்சி. இந்தப் புழுவோட மாரடிக்க உன்ன விட்டா யாரு? ரெண்டு நாள் கத்துவாரு, அடங்கிடுவாரு."

அவர் அடங்கவில்லை. கட்டுரை திருத்தி வெளிவந்தது. 'களப்பணியில் ஓட்டுநர் செய்த தவறு' என்று அதில் ஒரு வரி. பேராசிரியரின் நேர்மையை எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த வாரம் புது ஓட்டுநர் வந்தார். அவளுக்கு நீட்டிப்பும் வந்தது.

தினமும் காலையில் ஊசியைத் தொடுமுன் அந்த அண்ணனுக்காக அவள் கண்மூடிப் பிரார்த்திக்கிறாள். கடவுளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். பேராசிரியரின் அறை அவள் நாற்காலியிலிருந்து பத்தே அடி. அந்தப் பத்தடியை மட்டும் அவள் இன்னும் நடக்கவில்லை.